ரெண்டு பேருக்கும் சேர்த்தே டாய்லெட் பழக்கிடலாமா டாக்டர்?

1/
ஏப்ரல், மே வந்தா ஓ.பி-யில் இந்தக் கேள்வி வரிசை கட்டி வரும். ஜூன்ல ப்ளே ஸ்கூல் சேர்க்கணும். வீட்ல ட்வின்ஸ், இல்லன்னா ஒன்றரை வயசு வித்தியாசத்துல ரெண்டு வாண்டுகள். "தனித்தனியா ரெண்டு தடவை கஷ்டப்படறதுக்கு ஒரே தடவையா முடிச்சிடலாம்ல?"

என் பதில்: சேர்த்துத் தொடங்கலாம். சேர்ந்து முடியணும்னு எதிர்பார்க்கக் கூடாது.

ஏன்னு விளக்கமா சொல்றேன். கொஞ்சம் நீளம்தான். குட்டிப் பசங்க இருக்கிற வீட்டுக்காரங்க பொறுமையா படிங்க.

2/
பிறந்த குழந்தைக்கு மூத்திரப்பை நிறைஞ்சா தானா காலியாகும். நிறைஞ்சிருக்குன்னு உணரணும், கொஞ்ச நேரம் அடக்கணும், சரியான இடத்துக்குப் போய் விடணும். இந்த மூணையும் மூளையும் நரம்பும் தசையும் சேர்ந்து கத்துக்கணும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒன்றரை வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவுல படிப்படியா நடக்குது. அதனால நாங்க பிறந்த தேதியை மட்டும் பார்க்கறதில்ல. அறிகுறிகளைப் பார்க்கிறோம்.

3/
என்ன அறிகுறிகள்?

- பகல்ல ரெண்டு மணி நேரமாவது டயப்பர் காய்ஞ்சிருக்கு
- ஆய் வரும்போது விளையாட்டை நிறுத்திட்டு கதவுக்குப் பின்னாடி, சோபா ஓரமா ஒதுங்குது
- ஈரமானா "கழட்டு"ன்னு இழுக்குது
- நடந்து போய் தானா உட்கார, எழுந்திருக்கத் தெரியுது
- "அந்தப் பந்தை எடுத்துட்டு வா"ன்னா புரிஞ்சு செய்யுது
- ஆய், மூச்சா, கக்கா... உங்க வீட்ல என்ன சொல்வீங்களோ, அந்தச் சொல் அதுக்குத் தெரியுது

எல்லாமே இருக்கணும்னு இல்ல. முக்கால்வாசி இருந்தா தொடங்கலாம்.

4/
ரெண்டு குழந்தைன்னா இந்தப் பட்டியலை ரெண்டு தடவை போடணும். ட்வின்ஸ் ஒரே நாள்ல பிறந்தவங்கதான். மூளையும் மூத்திரப்பையும் ஆளுக்கு ஒண்ணு.

சராசரியா பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிட ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பழகிடுறாங்க. ஆணும் பெண்ணுமா ட்வின்ஸ் இருக்கிற வீட்ல "அவ போயிட்டா, இவன் மட்டும் ஏன்?"ங்கற கேள்விக்குப் பாதி பதில் இதுலயே இருக்கு.

5/
"சீக்கிரம் தொடங்கினா சீக்கிரம் முடியும்ல?" நியாயமான கேள்வி.

1962-ல் டி. பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் 1,170 குழந்தைகளைப் பற்றிய தன் அனுபவத்தைக் கட்டுரையா எழுதினார். குழந்தை தயாராகும் வரை காத்திருந்து, மிரட்டாம பழக்கின குழந்தைகள். பகல்நேரப் பழக்கம் முழுசா வர சராசரியா 28.5 மாதம் ஆச்சு. சராசரின்னா அதுக்கு முன்னாடி முடிச்சவங்களும் உண்டு, பின்னாடி முடிச்சவங்களும் உண்டு.

2003-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு சொன்னது: 27 மாதத்துக்கு முன்னாடியே தீவிரமா பழக்க ஆரம்பிச்சதால குழந்தைகள் சீக்கிரம் முடிச்சுடல. பழக்கற காலம்தான் நீண்டுது.

ஜூன் 1-ந் தேதி ஸ்கூலுக்குத் தெரியும். குழந்தையோட நரம்புக்குத் தெரியாது.

6/
இப்ப பாட்டிகள் கட்சி. "நாங்கல்லாம் ஒரு வயசுலயே பழக்கிட்டோம். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத்தான் பேம்பர்ஸ் இல்லாம முடியல."

பாட்டிம்மா சொல்றது பொய் இல்ல. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்து மேல குழந்தையை உட்கார வச்சு "ஸ்ஸ்ஸ்"னு சொன்னா குழந்தை போகும். நல்ல முறைதான். குழந்தையோட முகத்தைப் பார்த்தே நேரத்தைக் கண்டுபிடிக்கிற திறமை அது. ஆனா அந்த வயசுல பழகினது பெரும்பாலும் பாட்டிதான். குழந்தை தானா உணர்ந்து, தானா சொல்லி, தானா போறது அதுக்கு அப்புறம்தான் வரும்.

அந்த வீட்ல கொல்லைப்புறம் இருந்துச்சு, பார்த்துக்க நாலு கை இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல ரெண்டு குழந்தையோட காலைல 9 மணிக்கு வேலைக்குக் கிளம்புற பொண்ணை அந்தக் கணக்கை வச்சுத் திட்டாதீங்க. முடிஞ்சா அந்த நாலு கைல ரெண்டு கையா நீங்க வாங்க.

7/
"இதுக்கெல்லாம் ஒரு த்ரெட்டா டாக்டர்?" ஆமாங்க. அவசரப்படுத்தினா என்ன ஆகும்னு ஓ.பி-யில் பார்க்கிறதாலதான் எழுதறேன்.

ரெண்டு வயசுக் குழந்தை கைல முழு அதிகாரமும் இருக்கிற விஷயங்கள் ரொம்பக் கம்மி. வாயில போட்டதை முழுங்கறதா வேணாமா. ஆய் போறதா வேணாமா. மிரட்டினா அந்த அதிகாரத்தைக் காட்டும். அடக்கும்.

அடக்கினா பெருங்குடல் தண்ணியை உறிஞ்சிடும். மலம் கல்லாகும். அடுத்த தடவை போகும்போது வலிக்கும். வலிச்சா பயம். பயந்தா இன்னும் அடக்கும்.

8/
இது வாரக்கணக்கா போனா மலக்குடல் விரிஞ்சு, நிறைஞ்சிருக்கிற உணர்வே மங்கிடும். உள்ள கட்டி, அதைச் சுத்தித் தண்ணியா ஜட்டியில கசியும். அது கசியறதே குழந்தைக்குத் தெரியாது.

வீட்ல என்ன நினைப்பாங்க? "வேணும்னே ஜட்டியில போறான்." அடி விழும்.

காலைப் பின்னிக்கிட்டு, நுனிக்கால்ல நின்னு, கட்டிலைப் பிடிச்சிக்கிட்டு முகம் சிவக்க நிக்கிற குழந்தையைப் பார்த்தா போக முக்குதுன்னு நினைப்போம். பல நேரம் அது போகாம இருக்கத்தான் முக்குது.

9/
ரெண்டு குழந்தை இருக்கிற வீட்ல இந்த ஆபத்து அதிகம்னு நான் நினைக்கிறேன். காரணம், ஒப்பிடறதுக்கு ஆள் பக்கத்துலயே இருக்கு.

"பாரு, தங்கச்சி எவ்ளோ சமத்தா போறா! நீ பெரிய பையன், அசிங்கமா இல்ல?"

ஊக்கப்படுத்தறோம்னு நினைச்சுத்தான் சொல்றோம். குழந்தை காதுல விழறது 'நீ தோத்துட்ட' மட்டும்தான். தோத்த குழந்தை அந்த இடத்துக்கே வராது. மறைஞ்சு போகும், இல்ல அடக்கும். டயப்பர் மாத்தும்போது "ச்சீ, நாத்தம்"னு மூக்கைப் பொத்தறதும் இதே வேலையைத்தான் செய்யும்.

10/
சரி, எப்படிப் பழக்கறது?

முதல்ல ரெண்டு பாட்டி சீட் வாங்குங்க (மேல சொன்ன பாட்டி வேற, இது பிளாஸ்டிக்). ரெண்டும் வேற வேற கலர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிடறாங்க, ஒரே நேரத்துல வரும். ஒண்ணுதான் இருந்தா யுத்தம்தான். ஒருத்தருக்கு வயித்துப்போக்கு வந்தா இன்னொருத்தருக்குப் பரவாம இருக்கவும் தனி சீட் நல்லது.

பெரிய வெஸ்டர்ன் டாய்லெட்ல உட்கார வச்சா காலுக்குக் கீழ ஸ்டூல் போடுங்க. கால் தொங்கினா முக்க முடியாது. இந்தியன் டாய்லெட்ல குத்த வச்சு உட்கார்றது ரொம்ப நல்ல நிலை. விழுந்துடுவோமோன்னு பயப்படாம இருக்க கையைப் பிடிச்சிக்கோங்க.

11/
நேரம்: சாப்பிட்டு 15-30 நிமிஷத்துக்குள்ள. வயிறு நிறைஞ்சா பெருங்குடல் அசையறது இயற்கை. காலை டிபனுக்கு அப்புறம் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வைங்க. ஒரு கதை சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் போதும். மொபைல் வேணாம்.

வரலையா? "சரி, போய் விளையாடு." அவ்வளவுதான்.

ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கத்துக்கறதுதான் ரெண்டு பேரையும் சேர்த்துத் தொடங்கறதோட பெரிய லாபம். சின்னது பெருசைப் பார்த்து தானா வந்து உட்காரும். அது தானா நடக்கட்டும். நாம வாயைத் திறக்க வேண்டாம்.

12/
டிரஸ்: எலாஸ்டிக் வச்ச ட்ரவுசர். பட்டன், பெல்ட், ஜிப் வேணாம். அவசரத்துல தானே இறக்கத் தெரியணும்.

பெண் குழந்தைக்கு முன்னாடியிருந்து பின்னாடி கழுவணும். முடிச்சதும் ரெண்டு பேருக்கும் சோப்பு போட்டுக் கை கழுவல். கழுவி விட்டவங்களுக்கும்தான்.

13/
பாராட்டு: போனதுக்கு மட்டும் வேணாம். உட்கார்ந்ததுக்கு, சொன்னதுக்கு, ட்ரவுசரை இறக்கினதுக்குப் பாராட்டுங்க. சுவத்துல ஒரே சார்ட் ஒட்டி யாருக்கு எத்தனை ஸ்டார்னு போடாதீங்க. அது பந்தயம்.

சாக்லேட் லஞ்சமும் வேணாம். ஒருத்தனுக்குக் குடுத்தா இன்னொருத்தி சொட்டுச் சொட்டா பத்து தடவை மூச்சா போய் பத்து சாக்லேட் கேப்பா. குழந்தைங்க நம்மள விட விவரம்.

14/
தரையில போயிட்டா? துணி எடுத்துத் துடைங்க. "மூச்சா வந்துடுச்சா? அடுத்த தடவை சீட்ல போலாம்." இந்த ஒரு வரிக்கு மேல பேச வேணாம்.

அடி வேணாம். "சூடு வச்சிடுவேன்"ங்கற மிரட்டலும் வேணாம். நிஜமாவே சூடு வைக்கறது 2015 சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். பெத்தவங்க செஞ்சாலும் குற்றம்தான்.

15/
ஒருத்தர் தயார், இன்னொருத்தர் தயார் இல்லன்னா?

தயாரா இருக்கிறவரோட போங்க. பெருசோ சின்னதோ, அது முக்கியம் இல்ல. மத்தவர் டயப்பரோடயே இருக்கட்டும். ஆசைப்பட்டா ட்ரவுசரோட சும்மா சீட்ல உட்காரட்டும்.

அழுது, விறைச்சு, ஓடினா நிறுத்திடுங்க. ஒன்றிரண்டு மாசம் கழிச்சு மறுபடி தொடங்கலாம். வீடு மாறப் போறீங்க, அடுத்த பிரசவம் நெருங்குதுன்னாலும் தள்ளிப் போடுங்க.

தம்பியோ தங்கச்சியோ பிறந்ததும், நல்லா போயிட்டு இருந்த பெருசு மறுபடி ஜட்டியில போறதும் சகஜம். அதைக் குறும்புன்னு நினைக்காதீங்க. மடியில கொஞ்ச நேரம் கூடுதலா வச்சுக்கோங்க, சரியாகிடும்.

16/
மலச்சிக்கல் இருந்தா முதல்ல அதைச் சரி பண்ணணும். அப்புறம்தான் பழக்கறது.

பல வீட்ல ரெண்டு வயசுக்கு நாலு, அஞ்சு பாட்டில் பால் போகுது. ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல வேணாம். பால்ல வயிறு நிறைஞ்சா சோறு, காய் எங்க இறங்கும்? கீரை, காய், பப்பாளி, கொய்யா, தேவையான தண்ணி குடுங்க.

சோப்புத் துண்டு, வெத்தலைக் காம்பு வைக்கறது, விளக்கெண்ணெய் குடுத்துப் பேதி எடுக்கறது எல்லாம் வேணாம். ஏற்கெனவே பயந்த குழந்தையை இன்னும் பயமுறுத்தும். மலத்தை இளக்குற மருந்தை டாக்டர் எழுதினா, சொன்ன காலம் வரை குடுங்க. சில பேருக்கு மாசக்கணக்கா தேவைப்படும். "குடல் பழகிடும்"னு பயந்து பாதியில நிறுத்தாதீங்க.

17/
ராத்திரி வேற கதை. பகல்ல பழகின குழந்தையும் ராத்திரி நனைக்கும். அஞ்சு வயசுல கூட 100 குழந்தைகள்ல சுமார் 15 பேர் படுக்கையை நனைக்கிறாங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயசுல இருந்திருந்தா வாய்ப்பு அதிகம். ட்வின்ஸ்ல ஒருத்தர் நனைக்கலாம், ஒருத்தர் நனைக்காம இருக்கலாம். மெத்தை மேல ரப்பர் ஷீட் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க.

18/
அப்பாக்களே, இது உங்களுக்கு. ரெண்டு குழந்தை, ரெண்டு சீட், ஒரே ஒரு அம்மாங்கற கணக்கு எங்கயுமே சரியா வராது. ஒண்ணைக் கழுவும்போது இன்னொண்ணு ஹால்ல போயிடும். "நான் ஆபீஸ் போறேன்"ங்கறது காரணம் இல்ல. காலை டிபனுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம், ஞாயித்துக்கிழமை முழு நாள். அது உங்க ட்யூட்டி.

அம்மா, அப்பா, பாட்டி, டே கேர் ஆயா எல்லாரும் ஒரே சொல், ஒரே முறை. ஒருத்தர் கொஞ்சி, ஒருத்தர் அடிச்சா குழந்தை குழம்பிடும்.

19/
ப்ளே ஸ்கூல் நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "டயப்பர் இல்லாமதான் வரணும்"னு ரெண்டரை வயசுக்கு நிபந்தனை போடாதீங்க. அந்த நிபந்தனைதான் வீட்ல அடியா மாறுது. சின்ன டாய்லெட், மாத்து டிரஸ், மணிக்கு ஒரு தடவை கேட்டுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆயா. இதை வச்சுக்கிட்டு அட்மிஷன் போடுங்க.

பெற்றோர்களே, ஏ.சி வகுப்பைப் பார்க்கறதுக்கு முன்னாடி டாய்லெட்டைப் பாருங்க. ஸ்கூல் டாய்லெட்டுக்குப் பயந்து வீட்டுக்கு வர்ற வரை அடக்குற குழந்தைக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வர வாய்ப்பு அதிகம்.

20/
எப்ப டாக்டரைப் பார்க்கணும்?

- நாலு வயசு முடிஞ்சும் பகல்ல கட்டுப்பாடு வரல
- ஆறு மாசம் நல்லா இருந்து, திடீர்னு மறுபடி நனைக்குது
- மூத்திரம் போகும்போது வலி, காய்ச்சல்
- அதிக தாகம், அடிக்கடி மூத்திரம், எடை குறையுது (உடனே சர்க்கரை பார்க்கணும்)
- எப்பவும் சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருக்கு
- வாரத்துக்கு ரெண்டு தடவை, அதுக்கும் கம்மியாதான் ஆய் போகுது, ரத்தம் வருது, ஜட்டியில கசியுது
- கால்ல பலவீனம், இடுப்புக்குக் கீழ முதுகெலும்பு மேல குழியோ முடிக்கொத்தோ இருக்கு

21/
இந்த லீவுல தாராளமா தொடங்குங்க. ரெண்டு சீட் வாங்குங்க, ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வைங்க. ஒருத்தர் ஜூன்ல முடிக்கலாம், இன்னொருத்தர் தீபாவளிக்கு முடிக்கலாம். ரெண்டும் சரிதான்.

அது வரைக்கும் தரையைத் துடைக்க ரெண்டு பழைய துண்டும், அதைத் துவைக்க அப்பாவும் தயாரா இருந்தா போதும்.