பேருக்குப் பின்னால் ரெண்டு எழுத்து

அமெரிக்காவில் பாராலீகல் என்று ஒரு வேலை இருக்கிறது. நம்ம ஊர் வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒரு படி மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தீர்ப்புகளைத் தேடுவது, மனு எழுதித் தயார் செய்வது, மூட்டை மூட்டையாக வரும் ஆவணங்களை அலசுவது என்று வக்கீல் ஆபீசில் முக்கால்வாசி ஆணி பிடுங்குவது இவர்கள்தான். ஆனால் கட்சிக்காரருக்குத் தானாக ஆலோசனை சொல்லக்கூடாது, கோர்ட்டில் வாதாடக்கூடாது. மீறினால் அனுமதியில்லாமல் வக்கீல் தொழில் செய்த குற்றம்.

பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்கு உரிமம் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாகத் தொழில் சங்கங்களே சான்றிதழ் தருகின்றன. நாலா என்ற சங்கம் 1976-லிருந்து பரீட்சை வைக்கிறது. பாஸ் செய்தால் பேருக்குப் பின்னால் ‘சி.பி.’ என்று போட்டுக்கொள்ளலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 50 மணி நேரம் தொடர் படிப்பு காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் அவரவர் விருப்பம், கட்டாயமில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காமர்ஸ் படிக்கிற எனக்கு ஒரே ஒரு கேள்வி: இதனால் யாருக்கு லாபம்?

நம்ம ஊரில் சி.ஏ. முடித்து பிராக்டிஸ் சர்டிபிகேட் வாங்கியவர் கம்பெனி கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடலாம். முதல் நாள் வரை இல்லாத அதிகாரம் அது. சி.பி. வாங்கிய பாராலீகலுக்கு அப்படி என்ன கூடுதல் அதிகாரம்? பூஜ்யம். நேற்று எதைச் செய்யக்கூடாதோ, இன்றும் அதைச் செய்யக்கூடாது.

முதலாளி பக்கம் பாருங்கள். பாராலீகல் வேலையை மணிக்கணக்குப் போட்டுக் கட்சிக்காரரிடம் வாங்குவது அங்கே சாதாரணம். 1989-ல் மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில், சிவில் உரிமை வழக்குகளில் எதிர்த்தரப்பு தரவேண்டிய வக்கீல் செலவில்கூட, பாராலீகல் வேலையைச் சம்பளக் கணக்கில் அல்ல, சந்தை விலையிலேயே சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழைக் காட்டி ரேட்டை ஏற்றினால் வரவு ஆபீசுக்கு. படித்து, ராத்திரி கண் விழித்துப் பரீட்சை எழுதியவருக்குச் சம்பளம் ஏறுமா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

இங்கே மில்டன் ஃபிரீட்மனைத் தூக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். உரிமம் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் போடும் வேலி, அதற்குச் சொல்லும் காரணங்களுக்கெல்லாம் சான்றிதழே போதும் என்று அவர் 1962-லேயே எழுதினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்துக்கு அடிப்படை என்ன? சான்றிதழ் உள்ளவரா இல்லாதவரா என்று வாடிக்கையாளர் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது. இங்கே வாடிக்கையாளர் இருவரில் யாரிடமும் நேராகப் போக முடியாது. வக்கீல் போட்ட வேலி அப்படியே நிற்கிறது. வேலிக்குள் வேலை செய்பவருக்கு ஒரு பேட்ஜ், அவ்வளவுதான். இதற்குப் பேர் சுதந்திரச் சந்தையா?

சான்றிதழே வீண் என்று நான் சொல்லவில்லை. பெரிய டிகிரி இல்லாமல் அனுபவத்தில் முன்னுக்கு வந்தவருக்குத் திறமையைக் காட்ட அது ஒரு வழிதான். ஆனால் அதையே தொழிலின் விடிவு மாதிரி ஜல்லியடிப்பதுதான் எரிச்சல்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் பாராலீகலுக்கு உரிமம். சிறு தொகை வழக்கு, டிராபிக் வழக்கு போன்றவற்றில் அவர்களே ஆஜராகலாம். அமெரிக்காவிலேயே அரிசோனா 2021-ல் இதே மாதிரி ஒரு கதவைத் திறந்தது. வாஷிங்டன் மாநிலம் 2012-லேயே திறந்தது, ஆனால் செலவு அதிகம், வருபவர் குறைவு என்று சொல்லி, புதிதாக உரிமம் தருவதை நிறுத்த 2020-ல் அதன் நீதிமன்றம் முடிவெடுத்தது. வக்கீலுக்குக் கட்ட வழியில்லாமல் விவாகரத்து வழக்கில் தனியாக நிற்பவருக்கு அந்தக் கதவுதான் தேவை, யாரோ ஒருவர் பேருக்குப் பின்னால் இருக்கும் ரெண்டு எழுத்து அல்ல.

பரீட்சை வையுங்கள், கஷ்டமாகவே வையுங்கள். பாஸ் செய்தவருக்குச் செய்ய ஏதாவது கொடுங்கள். அது முடியாது என்றால், பரீட்சைக் கட்டணத்தையாவது முதலாளியிடம் வாங்குங்கள்.