பழைய கணிப்பொறியா, புதிய கணிப்பொறியா?

கல்வி நிலையங்களில் கணிப்பொறி வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. இருப்பதைச் சீர்செய்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்பது ஓர் அணி. பழையதன்மேல் செலவிடுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும், புதியதையே வாங்குவோம் என்பது மற்றோர் அணி. 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டபின் இவ்வழக்கு மேலும் வலுத்துள்ளது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் கல்லூரிகளும் அச்சகங்களும் இதற்கு விடை கண்டே ஆகவேண்டும். ஆக்கத்தையும் அழிவையும் எண்ணிப் பார்த்தே வினையில் இறங்க வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறியில் நின்று நம் கருத்தை ஈண்டு முன்வைக்கிறோம்.

பழையது என்று பொதுவாகச் சொல்லிவிடுதல் பொருந்தாது. பத்தாண்டுகளுக்கு முன் மலிவு விலையில் வாங்கிய சாதாரண மேசைக் கணிப்பொறி ஒரு வகை. பொறியியல் வரைபடத்திற்கும் கடுமையான கணக்கீட்டிற்கும் என்றே உருவாக்கப்பட்ட ஒர்க்ஸ்டேஷன் எனும் பணிநிலையக் கணிப்பொறி மற்றொரு வகை. எச்பி நிறுவனத்தின் இசட் வரிசையும் டெல் நிறுவனத்தின் பிரிசிஷன் வரிசையும் இவ்வகையின. இடைவிடாது உழைக்கும் வண்ணம் அமைந்த உறுதியான மின்வழங்கி, பிழை திருத்தும் நினைவகம், அட்டைகளைக் கூடுதலாகச் செருகும் இடங்கள் ஆகியவை இவற்றின் சிறப்புகள். பெருநிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் இத்தகைய கணிப்பொறிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே, நம் முன் உள்ள கேள்வி, நல்ல எலும்புக்கூடு உடைய பழைய கணிப்பொறியை மேம்படுத்துவதா, அன்றி நடுத்தரமான புதியதை வாங்குவதா என்பதே.

மேம்படுத்துதல் என்பது என்ன? பெரும்பாலும் இரண்டே மாற்றங்கள். முதலாவது, சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துதல். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு, அரைச்சுற்று சுற்றவே ஏறத்தாழ 4 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை நகர்வதற்கான நேரம் இதற்கு மேல். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இல்லாமையால் ஒரு மில்லி வினாடிக்கும் மிகக் குறைந்த பொழுதில் தகவல் கைக்கு வருகிறது. கணிப்பொறி கிழடாகிவிட்டது என்று நாம் அலுத்துக்கொள்ளும் பல வேளைகளில் கிழடானது வன்தட்டு மட்டுமே. இரண்டாவது, நினைவகத்தை 4 அல்லது 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்கு உயர்த்துதல். இவ்விரண்டையும் செய்தால் கட்டுரை தட்டச்சு செய்தல், இணையத்தில் நூல் தேடுதல், கணக்குப் பதிவு, நிரல் எழுதப் பழகுதல் ஆகிய பணிகளில் பழையது புதியதற்குப் பெரிதும் பின்தங்குவதில்லை.

எனினும் ஒருபக்கமே பேசுதல் நேர்மையாகாது. பழையதற்குரிய குறைகளையும் எண்ணிப் பார்ப்போம். விண்டோஸ் 11 இயங்குவதற்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலி எனில் 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. அதற்கு முற்பட்ட பணிநிலையக் கணிப்பொறி எவ்வளவு வலியதாயினும் இவ்வாயிலில் முறையாக நுழைய இயலாது. குறுக்கு வழியில் நிறுவுவோர் உளர். மாணவர் பயிலும் கூடத்திற்கு அதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அடுத்து, இவற்றின் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்திற்கே உரிய வடிவில் அமைந்தவை. பழுதுபட்டால் விழுப்புரம் கடைவீதியில் மாற்று கிடைத்தல் அரிது. மூன்றாவது மின்செலவு. பழையது புதியதைவிட 80 வாட் கூடுதலாக இழுக்கிறது எனக் கொண்டால், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்ற கணக்கில் 160 யூனிட் மிகுதியாகச் செலவாகும். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1280 ரூபாய். ஒரு கணிப்பொறிக்கு இது சிறிதே. முப்பது கணிப்பொறிகளுக்கு 38,400 ரூபாய் என்பது சிறிதன்று.

புதியதற்கும் குறைகள் இல்லாமல் இல்லை. விலை குறைந்த மாதிரிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னாளில் உயர்த்த வழியில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. அத்தகைய காலத்தில் விலையைக் குறைக்க எண்ணி நினைவகம் குறைந்த புதியதை வாங்குவோர், சில ஆண்டுகளிலேயே பழையதொன்றின் உரிமையாளர் ஆவர்.

அவ்வாறாயின் எதை அளவுகோலாகக் கொள்வது? கணிப்பொறியின் வயதும் அன்று, வேகமும் அன்று. ஒரு மாணவர் அதன் முன் தனியே அமரும் மணிநேரமே நம் ஊர்களுக்கு ஏற்ற அளவுகோல் என்று துணிந்து கூறுவோம். மரக்காணம், மயிலம், வானூர், செஞ்சி ஆகிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர் பலர்க்குக் கல்லூரிக் கூடத்தில் கிடைக்கும் நேரமே கணிப்பொறியோடு பழகும் முதன்மையான நேரம். ஒரு புதிய கணிப்பொறியின் விலையில் மூன்று பழையவற்றை மேம்படுத்த முடியுமெனில், பத்துப் புதியவற்றிற்கான பணத்தில் முப்பது இருக்கைகள் உருவாகின்றன. மூவர் ஒன்றைச் சூழ்ந்து நிற்க ஒருவர் மட்டும் விசையைத் தட்டும் வகுப்பில், மற்ற இருவரும் கற்பது வேடிக்கை பார்த்தலையே. மின்செலவு மிகினும் இருக்கை மிகுதலே கல்விக்கு ஆக்கம்.

விண்டோஸ் 11 ஏறாத கணிப்பொறிக்கு லினக்ஸ் உண்டு. அது நம் மாணவர்க்கு முற்றிலும் அயலானதும் அன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் இடம்பெற்றிருந்தது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யவும், லிப்ரே ஆபீஸில் ஆவணம் உருவாக்கவும் அங்குத் தடையில்லை. கட்டணமின்றித் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தம் பெறும் வழியும் அதுவே.

உலக நோக்கிலும் இதனைக் காண வேண்டும். ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்காலத்து மேசைக் கணிப்பொறி ஒன்றைத் திரையுடன் உருவாக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருளும் 1500 கிலோ நீரும் செலவாயின. இன்றைய கணக்கு மாறுபடலாம். ஆனால் உருவாக்கத்திலேயே பெருஞ்செலவு அடங்கியுள்ளது என்ற உண்மை மாறவில்லை. நல்ல நிலையில் உள்ளதைக் கழிப்பது வீண்விரயம். கழித்தே ஆகவேண்டியதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுதலும் தவறு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படிப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

தமிழ்த்துறையினர் தனியே கருத வேண்டியது ஒன்றுண்டு. தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்பதற்கு முன், நம் மலர்களும் ஆய்வேடுகளும் டாம், டாப், பாமினி, வானவில் எனப் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சாயின. பக்க அமைப்பிற்குப் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அக்கோப்புகளும் அவற்றைத் திறக்கும் எழுத்துருவும் மென்பொருளும் ஒருங்கே இருக்கும் இடம் பெரும்பாலும் மூலையில் கிடக்கும் அந்தப் பழைய கணிப்பொறியே. அதனை அப்புறப்படுத்துமுன் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் படியெடுத்தல் கடமை. இன்றேல் நமக்கு முன் எழுதியோரின் உழைப்பு கையெழுத்துப் படியும் இன்றி, அச்சுப் படியும் இன்றி மறைந்துபோகும்.

படியெடுத்தலின் தேவையை இயற்கையும் உணர்த்தியுள்ளது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளநீர் பழையது புதியது பார்ப்பதில்லை. ஆகவே எதை வாங்கினும், கோப்புகளின் மறுபடி வேறோர் இடத்திலும் இருத்தல் வேண்டும். மேசைக்கு அடியில் தரையில் வைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

நம் முடிவைத் தொகுத்துரைப்போம். எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகிய செயலி உடையதைத் தயங்காமல் மேம்படுத்துக. அதற்கு முற்பட்டது உறுதியாக இருப்பின் எஸ்.எஸ்.டி. பொருத்தி லினக்ஸுடன் மாணவர் கூடத்திற்கு அளித்திடுக. மேம்படுத்தும் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலும், தாய்ப்பலகையோ மின்வழங்கியோ பழுதாகி இருந்தாலும் அதன்மேல் பணம் போடாதீர். அலுவலகக் கணக்கு, தேர்வுப் பணி, காணொளித் தொகுப்பு ஆகியவற்றிற்குப் புதியதை வாங்குக; வாங்கும்போது நினைவகத்தை உயர்த்த இடமுண்டா என்று முதலில் கேட்டறிக.

கல்லூரிகளுக்குக் கணிப்பொறி நன்கொடை அளிக்க முன்வரும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பளபளக்கும் புதியது ஒன்றைத் திறந்துவைப்பதில் விழாச் சிறப்பு உண்டு. முப்பது பழையவற்றிற்கு எஸ்.எஸ்.டி. வாங்கித் தருவதில் அச்சிறப்பு இல்லை. ஆயினும் முப்பது மாணவர் தத்தம் கையால் தட்டச்சு செய்யும் கூடத்தைக் காட்டிலும் பயனுள்ள கல்வெட்டு வேறில்லை என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.