தாள் பூட்டு போதாது

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எல்லோருடைய ஆதார் எண், கைப்பேசி எண் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. "புரொடெக்ட் ஷீட் போட்டிருக்கிறோம், பயமில்லை" என்கிறார் செயலாளர். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பூட்டு, கட்டங்களைத் தவறுதலாக மாற்றிவிடாமல் தடுக்க மட்டுமே. உள்ளிருப்பதை யாரும் படிக்கலாம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்; பிரித்து ஒரு வரியை நீக்கினால் பூட்டே போய்விடும்.

எக்செலில் உள்ள 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' வசதிதான் உண்மையான மறையாக்கம். அதிலும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வழக்கமாகக் கிடைப்பது பலவீனமான 40 பிட் காப்பு. 2007 முதல் வந்த புதிய வடிவத்தில் வலுவான ஏஇஎஸ் முறை உண்டு. கடவுச்சொல் மறந்தால் மைக்ரோசாஃப்டும் மீட்டுத் தராது. எழுதி பீரோவில் வையுங்கள். கோப்பு போகும் அதே மின்னஞ்சலில் கடவுச்சொல்லையும் அனுப்பாதீர்கள்.

- வாசகர், மதுரை