கைப்பைக்குள் ஒரு .32 ரிவால்வர்: தற்காப்புக்குப் போதுமா?

மைசூரு ஹெப்பாளில் ஷிஃப்ட் முடிந்து இரவு கிளம்பும்போது, ‘கையில ஒரு சின்னத் துப்பாக்கி இருந்தா?’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த எண்ணத்துக்காகவே 2014-ல் வந்தது ‘நிர்பீக்’. டெல்லி நிர்பயா கொடூரத்துக்குப் பிறகு, கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென அறிமுகப்படுத்திய ரிவால்வர். எடை சுமார் 500 கிராம், அன்றைய விலை சுமார் ரூ.1.22 லட்சம். (ஆமாம், லட்சம்தான்!)

ஏன் .32? போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. ரகம் இங்கே பொதுமக்களுக்குத் தடை. ஆக, அளவைத் தீர்மானித்தது சட்டம். தற்காப்புத் தேவை இல்லை. இந்த ரிவால்வரின் குண்டுக்கு 9 மி.மீ. குண்டின் ஆற்றலில் பாதிகூடக் கிடையாது. உயிரைப் பறிக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனா பாய்ந்து வருபவரை அந்த நொடியே நிறுத்துமா? அது எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது. இருட்டு, நடுங்கும் கை, குட்டைக் குழல்... பயிற்சி இல்லாமல் குறி தப்பத்தான் அதிக வாய்ப்பு.

1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும். அதற்கு போலீஸ் விசாரணை உண்டு. சுட்ட பிறகும், தேவைக்கு மீறித் தாக்கவில்லை என்று நீங்க நியாயப்படுத்தணும். பெப்பர் ஸ்பிரேவுக்கு இந்த உரிமம் தேவையில்லை.

இன்னொண்ணு: துப்பாக்கியோட ஆபீஸ் கேட்டைத் தாண்ட செக்யூரிட்டி விடுவாரா? அப்போ நீங்க ராத்திரி ரோட்டில் நிற்கும்போது, அது வீட்டு லாக்கரில்தான் இருக்கும்.