தேடியதற்கும் கூலி உண்டு

பழைய மோட்டார் சைக்கிளில் விளக்கு எரியவில்லை என்று பட்டறைக்குப் போனால், இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒயரிங் முழுசா மாத்திடலாம் சார்." இதில் எனக்கு உடன்பாடில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடிக்காமல் பொருளை மாற்றுவது, நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து கொடுப்பது போன்றது. அதைவிட முக்கியமாக, இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டது மெக்கானிக்குகள் மட்டுமில்லை, வண்டி வைத்திருக்கும் நாமும்தான் என்பது என் கருத்து.

எங்கள் தெருவில் என்னைப் போலவே ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் புல்லட் வைத்திருக்கிறார். 1970களில் திருவொற்றியூரில் தயாரான 350 சிசி வண்டி, 6 வோல்ட். போன மழைக்காலத்தில் அதன் பின்விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஒரு பட்டறையில் ஒயரிங் முழுவதையும் புதிதாகப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் செலவு. ஒரு மாதத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. கடலூர் சாலையில் இரவு நேரத்தில், பின்னால் லாரிகள் வர, பின்விளக்கு இல்லாமல் போவது உயிரோடு விளையாடுவது. வீட்டில் உள்ளவர்கள், "இந்த வயதில் எதற்கு? விற்றுவிடுங்கள்" என்றார்கள். அவரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்.

கடைசியில் பழுதைக் கண்டவர் வயதான ஒரு மெக்கானிக். கையில் இருந்தது ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும்தான். பல்பின் ஒரு முனையை பேட்டரியின் கரெண்ட் முனையில் கொடுத்து, மறுமுனையைப் பின்விளக்கின் உடம்பில் வைத்தார். மங்கலாக எரிந்தது. சேஸிஸில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. கரெண்ட் விளக்குவரை சரியாகப் போகிறது, திரும்பி வரும் வழிதான் கெட்டிருக்கிறது. மட்கார்டை சேஸிஸோடு சேர்க்கும் போல்ட்டுக்கு அடியில் பெயின்டும் துருவும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கியதும் விளக்கு நின்று எரிந்தது. புதிய ஒயர்களில் ஒரு குற்றமும் இல்லை, பழைய ஒயர்களிலும் இருந்திருக்காது.

பள்ளியில் நான் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்தவன். இந்தக் கோளாறை நாம் 'லூஸ் கான்டாக்ட்' என்போம். பிரெஞ்சில் 'ஃபோ கோந்தாக்த்' என்பார்கள், பொய்யான தொடர்பு என்று பொருள். அந்தச் சொல்தான் சரியானது என்று நினைக்கிறேன். அந்த போல்ட் லூசாக இல்லை, நன்றாக இறுகித்தான் இருந்தது. பார்வைக்குத் தொடர்பு உண்டு, உண்மையில் இல்லை. எங்கள் ஊரைப் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டுப் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இதே ரகம்தான்.

6 வோல்ட் வண்டிகளில் இந்தப் பொய் பெரிய தொல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் ஒரு களிம்பு ஏறிய இணைப்பு கால் ஓம் தடை கொடுத்தால், ஏறக்குறைய 1 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆறில் ஒரு பங்கு! அதே 24 வாட் 12 வோல்ட் வண்டியில் 2 ஆம்பியர்தான். இழப்பு அரை வோல்ட், அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. "பழைய வண்டி, விளக்கு அப்படித்தான் மினுக் மினுக்கென்று இருக்கும்" என்பவர்கள் பலர் வண்டியின் வயதைக் குறை சொல்கிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் களிம்புதான்.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த தெக்கார்த் என்ற தத்துவ ஞானி, 1637இல் வெளியிட்ட நூலில் நான்கு விதிகள் வகுத்தார். சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பார் என்பது இரண்டாவது விதி. ஒயரிங்கும் அப்படித்தான். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் ஓர் இடத்தில் சோதியுங்கள். அங்கே கரெண்ட் இருந்தால் முன்பாதி நல்லது, பின்பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்றால், கடைசியாக எந்த மேஜை தாண்டியது என்று பார்ப்போமே, அதே வேலைதான்.

புல்லட்டில் இன்னொரு வசதி, ஹெட்லைட் மேல் உள்ள ஆம்பியர் மீட்டர். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடித் திறக்கும்போது முள் சாய்ந்து சாய்ந்து நடுவுக்கு வர வேண்டும். முள் அசையவே இல்லையென்றால், மீட்டர் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், காயிலுக்குப் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயின்ட் சேரவில்லை. ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பும்போது முள் துள்ளினால், கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளுக்குள்ளே முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். டேங்கின் அடி, சீட்டின் அடி, பின் மட்கார்டில் ஒயர் நுழையும் துளை, இவையும் உராயும் இடங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்றால், சிலர் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளைச் சுற்றி வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் அந்த ஒயர் போகிறது. பியூஸ் இடத்தில் ஒரு பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும், எதுவும் கருகாது. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் பழுது.

ஒயரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலுறை காய்ந்து, வளைத்தால் வெடிக்கிறது என்றால் முழுவதும் மாற்றத்தான் வேண்டும். அதுவும் பார்த்துச் சோதித்த பிறகு எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

இனி கூலிக்கு வருகிறேன். அந்த வயதான மெக்கானிக் ஒன்றரை மணி நேரம் தேடினார். இருநூறு ரூபாய் கேட்டார். நம் நண்பர், "ஒரு போல்ட்டைத் தேய்த்ததற்கா?" என்றார். புது ஒயரிங்குக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கொடுத்தவர்தான் அவரும். கையில் ஒரு பொருள் வந்தால்தான் காசு கொடுத்ததாக நமக்குத் தோன்றுகிறது. தேடும் அறிவுக்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பட்டறைப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? மூளையைச் செலவழித்தால் இருநூறும் முணுமுணுப்பும், பொருளை மாற்றினால் ஆயிரங்களும் மரியாதையும் என்றுதானே? அவன் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் நாடி பார்த்து, "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றாலும் ஃபீஸ் வைத்துவிட்டுத்தானே எழுந்து வருகிறோம்? பழுது பார்ப்பவருக்கும் அந்த நியாயம் வேண்டும். "கண்டுபிடிக்க இவ்வளவு, சரி செய்ய இவ்வளவு" என்று அவர்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும், நாமும் கொடுக்க வேண்டும். பல்பும் ஒயரும் வைத்துத் தேடத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் போய்விட்டால், எந்தக் கடையிலும் அந்த அறிவை வாங்கி மாட்ட முடியாது.