மாசிப் பனியில் உப்பி நிற்கும் குருவிக்கு நோயா?

கேள்வி: மதுரை, வண்டியூர் கண்மாய்ப் பக்கம் மின்கம்பிகளில் விடியற்காலையில் தகைவிலான் குருவிகள் உடம்பை உப்பிக்கொண்டு அசையாமல் இருக்கின்றன. தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். இது கோழிக்குப் பரவும் நோயா, பனியா?
- வாசகி, கே.கே. நகர், மதுரை.

பதில்: பெரும்பாலும் பனிதான். பறவையின் உடல் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டால் இடையில் காற்று தங்கி, கம்பளி போல வெப்பத்தைக் காக்கும். தகைவிலான் பறக்கும் பூச்சிகளையே தின்று வாழ்வது. ஈரக் குளிரில் பூச்சி கிளம்பாது. அதனால் வெயில் ஏறும்வரை குருவியும் காத்திருக்கும். பறந்து தெம்பை வீணாக்காது.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனாலும் மதுரைக் குளிர் வளர்ந்த பறவையைக் கொல்லாது. இந்தக் குருவிகளுக்கு ஆபத்து, வெயில் காலம் தொடங்கும்போது வடக்கே திரும்பும் வழியில்தான். 2020 ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போன தகைவிலான்களும் உழவாரன்களும் கிரீஸ் நாட்டில் கடுங்காற்றிலும் குளிரிலும் சிக்கி ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அந்த இனம் வயல் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கூலியில்லா ஆள். 

நோயா என்று அறிய உச்சிவேளையில் பாருங்கள். வெயில் வந்தும் உப்பியபடியே இருந்தால், கழுத்து திருகினால், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் சந்தேகப்பட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் புறாவுக்கும் வரும், கோழிக்கும் வரும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கோழிகளின் தீவனத்தையும் தண்ணீரையும் காட்டுப் பறவைகள் வாய் வைக்காதபடி மூடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார இலவச முகாமில் கழிச்சல் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

பங்குனி, சித்திரைக் கோடை மழைதான் நம்மூர்க் குஞ்சுகளுக்குச் சோதனை. காகம், புள்ளிப்புறா கூடுகளுக்குக் கூரை கிடையாது. இறகு முளைக்காத குஞ்சு நனைந்தால் தாய்ச் சூடு இல்லாமல் விறைத்துவிடும். கீழே விழுந்து கிடந்தால் துணியால் ஒற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, மழை விட்டதும் கூட்டிலோ அருகிலுள்ள கிளையிலோ சேர்த்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது வெறும் பேச்சு. பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.