முகம் காட்டாத ஓசைக்காரர்கள்

ஆர்ட் ஆஃப் நாய்ஸ் என்று சொன்னால் இன்றைக்குப் பாதிப் பேர் "யாரது?" என்பார்கள். மீதிப் பேர், "ஓ, டாம் ஜோன்ஸோடு 'கிஸ்' பாட்டு போட்டவர்கள்தானே?" என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான் எனக்குச் சண்டை.

கொஞ்சம் முன்கதை. 1981-ல் எம்டிவி தொடங்கியபோது முதன்முதலில் ஒளிபரப்பான பாட்டு 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. அதைப் பாடியவர் டிரெவர் ஹார்ன். வீடியோ வந்து ரேடியோ நட்சத்திரத்தைக் கொன்றுவிட்டது என்று பாடிய அதே ஆசாமி, 1983-ல் லண்டனில் முகமே இல்லாத ஒரு குழுவுக்குப் பின்னால் நின்றார் என்பது எனக்கு எப்போதுமே பிடித்த வேடிக்கை. ஆன் டட்லி, ஜே.ஜே. ஜெசாலிக், கேரி லங்கன், கூடவே பத்திரிகையாளர் பால் மோர்லி. பெயர்கூட இத்தாலிக்காரர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913-ல் எழுதிய அறிக்கையிலிருந்து எடுத்ததுதான். ஆரம்பத்தில் இவர்கள் ஆல்பங்களில் புகைப்படம் கிடையாது. போஸ் கொடுத்தாலும் முகமூடி.

அவர்களுடைய ஆயுதம் ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கணினி. எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து கீபோர்டின் கட்டைகளில் போட்டு வாசிக்கலாம். ஆனால் நினைவகம் ரொம்பக் குறைவு, ஒன்றிரண்டு நொடிக்கு மேல் தாங்காது. அதனால்தான் அவர்கள் இசை முழுக்கத் துண்டு துண்டாக இருக்கிறது: ஒரு "ஹே", ஒரு கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம், 'யெஸ்' குழுவின் பதிவில் மிஞ்சிப்போன ஒரு டிரம் அடி. மெஷினின் குறைபாடே ஸ்டைல் ஆகிவிட்டது!

இப்படிப்பட்ட பாட்டுக்கு வீடியோவில் எதைக் காட்டுவது? பாடகர் இல்லை, கிடார் இல்லை. 'க்ளோஸ் (டு த எடிட்)' பாட்டுக்கு போலந்து இயக்குநர் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி (1983-ல் 'டாங்கோ' என்ற குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர்) கண்டுபிடித்த வழி அபாரம். பங்க் வேஷம் போட்ட ஒரு சின்னப் பெண், கோட்டு சூட்டு போட்ட மூன்று ஆண்கள், கையில் மர அறுவை மெஷின். பியானோவில் தொடங்கி வாத்தியங்களை ஒவ்வொன்றாக உடைத்து நொறுக்குகிறார்கள். படச்சுருளும் பாட்டைப் போலவே வெட்டி, திக்கித் திக்கி ஓடுகிறது. ஃபேர்லைட் ஓசைக்குச் செய்ததை ரிப்சின்ஸ்கி படத்துக்குச் செய்தார். 1985-ல் எம்டிவி அதற்கு எடிட்டிங் விருதும் சோதனை முயற்சிக்கான விருதும் கொடுத்தது. நியாயம்தான்.

அதே 1985-ல் ஹார்னையும் மோர்லியையும் விட்டு மற்ற மூவரும் பிரிந்து போனார்கள். அப்புறம்தான் முகங்கள் வர ஆரம்பித்தன. 1986-ல் 'பீட்டர் கன்' பாட்டுக்கு கிடார் டுவேன் எடி, வீடியோவில் துப்பறிவாளராக ரிக் மேயல். கிராமி கிடைத்தது. 1988-ல் பிரின்ஸின் 'கிஸ்' பாட்டை டாம் ஜோன்ஸ் பாட, பிரிட்டனில் 5-ஆம் இடம். நல்ல பாட்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோவில் நீங்கள் பார்ப்பது டாம் ஜோன்ஸை. ஆர்ட் ஆஃப் நாய்ஸ் அங்கே பக்கவாத்தியம், அவ்வளவே.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு, 1986-ல் வந்த 'பாரனாய்மியா'. அதில் வரும் மேக்ஸ் ஹெட்ரூம் கணினியில் உருவான முகம் என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் அது மேட் ஃப்ரூவர் என்ற நடிகர், ரப்பர் மேக்கப்பில்! மெஷினுக்குப் பின்னால் ஒளிந்த மனிதர்களின் பாட்டுக்கு, மெஷினாக நடித்த ஒரு மனிதர். வெளி முகத்தைக் கடன் வாங்கியும் அவர்கள் தோற்காமல் போனது இங்கேதான் என்பேன்.

1990-ல் குழு கலைந்தது. பிறகு 1999-ல் வேறு கூட்டணியோடு ஒரு ஆல்பம் வந்தது, அது தனிக்கதை.

1996-ல் த ப்ராடிஜியின் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கருப்பு வெள்ளை வீடியோ, சுரங்கப்பாதை, திரையை அடைத்துக்கொண்டு மறைந்த கீத் ஃப்ளின்டின் முகம். பாட்டில் நடுநடுவே ஒரு "ஹே" வரும், கவனித்திருக்கிறீர்களா? 'க்ளோஸ் (டு த எடிட்)' பாட்டிலிருந்து எடுத்தது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஹார்ன், டட்லி, ஜெசாலிக், லங்கன், மோர்லி ஐந்து பேரும் உண்டு. வீடியோவில் ஒருவர்கூட இல்லை.